முப்பத்தொரு மார்க் வாங்கிய பெண்

மகனே,

உன் கடிதமும் அதனுள் நீ மடித்து வைத்திருந்த பரீட்சைத் தாளும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. காய்ச்சல் அடியோடு விட்டுவிட்டது என்ற வரியை நான் வாசித்ததும் உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வரியை வாசித்ததும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் அரை மணி நேரம் கேட்டது. "நீரு வளத்த புள்ளதான, நீரே பதில் எழுதும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. ஆகவே எழுதுகிறேன். பம்பாயில் கப்பல் கம்பெனி ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நீ இதை வாசிக்கும்போது எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் இருக்கிறது. ஆனால் பாதிக் கோபம் என்மேல்தான்.

நம் சொந்தபந்தத்தில் பெண் பார்க்கப் போனவர்கள் நிறம் பார்த்திருக்கிறார்கள், உயரம் பார்த்திருக்கிறார்கள். உன் பெரியப்பா ஒருவர் பெண் வீட்டில் மீன் குழம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். நிச்சயம் முடிந்த பெண்ணுக்குத் தபாலில் வேதபாடக் கேள்வித்தாள் அனுப்பியவன், எனக்குத் தெரிந்து, இந்தக் கடற்கரையிலேயே நீ ஒருவன்தான். பத்துக் கேள்வி, ஒன்றுக்குப் பத்து மார்க், நேரம் இரண்டு மணி. "பார்த்து எழுதக் கூடாது" என்று கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை ஜெசிந்தா, எட்டாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறாள். நீ சிவப்பு மையில் திருத்தி, முப்பத்தொன்று என்று வட்டம் போட்டு, எனக்கு அனுப்பி, "ஓலை வாசிப்பதை ஈஸ்டர் கழியும்வரை தள்ளி வையுங்கள், அதற்குள் அவள் படிக்கட்டும்" என்று எழுதுகிறாய். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று ஓலை வாசித்தாக வேண்டும். தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கோயிலில் கலியாணமே கிடையாது. நிச்சயமான பெண்ணின் ஓலை நின்றுபோனால் ஊர் என்ன பேசும் என்பது உனக்குத் தெரியாததா? பங்குச் சாமியார் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டு ஜெப மந்திரங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், போதும் என்று அனுப்பிவிட்டார். அவர் தேர்ச்சி கொடுத்த பெண்ணை நீ தோற்கடித்திருக்கிறாய்.

விடைத்தாளை நானும் படித்தேன். பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயர் கேட்டிருக்கிறாய். ஐந்து பெயர் எழுதிவிட்டு, "நம்ம கோயிலில் சுரூபம் இருப்பவர்களை மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாள். ஐந்து பெயருக்கு நாலு மார்க் போட்டிருக்கிறாய், யாக்கோபுக்கு ஒற்றெழுத்து விட்டதற்காக. ஞானஸ்நானம் முதலான ஏழு தேவதிரவிய அனுமானங்களில் நாலை எழுதிவிட்டு, "ஐந்தாவது மெய்விவாகம், அது இப்போது பரீட்சையில் மாட்டிக்கொண்டு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீ "பொருத்தமற்ற பதில்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்பதாவது கேள்வி, விசுவாசம் என்றால் என்ன, விளக்குக. அதற்கு அவள், "தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். சங்கு எடுக்க முங்கும்போது மேலே கயிற்றை மச்சான் பிடித்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் முங்கிவிடுவேன், வேறு ஆள் பிடித்தால் ரெண்டு தடவை பார்ப்பேன் என்று சொன்னார். அதுவாக இருக்குமோ?" என்று எழுதியிருக்கிறாள். முட்டை போட்டிருக்கிறாய். பார்த்து எழுதக் கூடாது என்ற விதியை மீறி அப்பாவிடம் கேட்டதற்காகவாம்.

இதற்கெல்லாம் விதை போட்டவன் நான். உனக்கு நாலு வயதிலேயே ஒரு பதிலுக்கு ஒரு கல்கண்டு என்று பழக்கிவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க்கின் மகன் ஆறு வயதில் ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளைப் பத்திலிருந்து ஒன்றுவரை தலைகீழாகச் சொல்லுவான் என்று ஊரெல்லாம் பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் உன்னை முக்காலியில் ஏற்றி நிறுத்துவேன். ஒருநாள் திருச்செந்தூரிலிருந்து என் ஆபீஸ் நண்பர் வந்திருந்தார், முருக பக்தர், நெற்றி நிறைய விபூதி. அவர் முன்னாலும் ஏற்றினேன். நீ பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வந்து, ஏழாவதில் "களவு செய்யாதிருப்பாயாக" என்றபோது உன் வாயிலிருந்து கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முக்காலிக்குப் பக்கத்து அலமாரியில்தான் கல்கண்டு டப்பா. பேச்சுக்கு நடுவே கையை விட்டிருக்கிறாய். நண்பர் சிரித்துச் சிரித்து இருமினார். "பையனுக்குப் பாடம் சுத்தமாத் தெரியுது அண்ணாச்சி, அதான் முக்கியம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் வளர்ந்தவன். பூசை லத்தீனில் இருந்த காலத்தில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும். தமிழ்ப் பூசை வந்ததும் புது ஜெபங்களை ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்தேன். வீட்டில் செபமாலை சொல்லும்போது உன் அம்மா பாதி பழைய மந்திரமும் பாதி புது மந்திரமுமாகச் சொல்லுவாள். நான் நடுவில் நிறுத்தித் திருத்துவேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "மாதாவே ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருக்காவ, ஒமக்கு என்ன வந்துச்சு?" என்றாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஞானோபதேசப் புத்தகத்தில் அதற்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "பாஸ்கு மேடையில் ஒரு வரி வசனத்தை மறந்துவிட்டு ஊரே சிரிக்க நின்றவரின் மகளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?" அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். நீ அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது உன்னை உட்கார வைத்துக் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தக் கதை பொய். ஏழு வருடமாக அந்தப் பொய்யை நான் காப்பாற்றி வருகிறேன்.

நடந்தது இது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் ஆண்டவருடைய பாடுகளை நம் ஊரார் பாஸ்கு நாடகமாக நடிப்பது வழக்கம். வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை ஆண்டாண்டாக என்னுடையது. அந்த வருடம், இரவு நாடகம் என்றால் பாடுகள் முடிவதற்குள் பாதிச் சனம் தூங்கிவிடுகிறது என்று சாமியார் சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கச் சொல்லிவிட்டார். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிக்கும் சீடர் இராயப்பராக நடிக்க ஜெசிந்தாவின் அப்பா சூசையைப் போட்டோம். சங்கு குளிக்கிறவர், நல்ல தாடி, நல்ல உடம்பு, கடற்கரையில் நிறுத்தினால் ஒப்பனையே வேண்டாம். ஒத்திகையில் எல்லா வசனமும் சரியாகச் சொன்னார். சிக்கல் சேவலில்தான், மூன்றாம் மறுதலிப்பு முடிந்ததும் அது கூவ வேண்டும். பட்டப்பகலில் எந்தச் சேவல் சொன்ன நேரத்துக்குக் கூவும்? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏரல் சந்தையில் வாங்கிய ஒரு சேவலை மத்தியானத்திலிருந்தே பஞ்சாரக் கூடையில் அடைத்து மேலே கனமான சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். சமயம் வரும்போது சாக்கை எடுத்தால் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவும். ஒத்திகையில் இரண்டு தடவை கூவியது. பக்கத் திரைக்குப் பின்னால் நான், என் மடியில் வசன நோட்டு, முன்னால் காட்சிகளை அறிவிக்கும் மைக், காலடியில் பஞ்சாரம். ஆண்டவருக்கு அடுத்தபடி அன்றைக்கு நான்தான் முக்கியமானவன் என்று எனக்கு எண்ணம்.

தலைமைக் குருவின் வீட்டு முற்றம் காட்சி வந்தது. மேடையின் ஒரு ஓரத்தில் ஆண்டவர் கைகட்டப்பட்டு நிற்கிறார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான் ஆண்டவர். இந்த ஓரத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இராயப்பர். வேலைக்காரியாக நடித்தவர் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டிய தோணிக்காரர் ஒருவர். அவர் வந்து, நீயும் இவனோடு இருந்தவன்தானே என்று கேட்டார். சூசை வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரைப் பார்த்தார், வேலைக்காரியைப் பார்த்தார், சும்மா நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் மெல்ல எடுத்துக்கொடுத்தேன்: "அவரை எனக்குத் தெரியாது." சூசை தலையை ஆட்டினார். வேலைக்காரி வேறு வழியில்லாமல் இன்னொரு தடவை கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னேன்: "அவரை எனக்குத் தெரியாது." சூசையின் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எதிர் ஓரத்தில் ஆண்டவரே பொறுமை இழந்து, உதட்டை அசைக்காமல், "சொல்லித் தொலையும்வே" என்றது முன்வரிசைக்குக் கேட்டிருக்கிறது. மூன்றாம் தடவை வேலைக்காரி கேட்டபோது என் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. மைக் வாயருகே இருப்பதையும் மறந்து, "அவரை எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியவே தெரியாது" என்று கத்திவிட்டு நோட்டைப் பஞ்சாரத்தின்மேல் ஓங்கி அடித்தேன். சாக்கு சரிந்து விழுந்தது. கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் வழியாக என் குரல் ஊர் முழுக்கக் கேட்டு முடிந்த அதே நொடியில் சேவல் கூவியது. மகனே, அவ்வளவு சுத்தமாக ஒரு சேவல் கூவி நான் கேட்டதே இல்லை.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரையை இழுத்துவிட்டோம். சூசை உள்ளே வந்து என் முன்னால் நின்றார். "ஏலே, ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுகூட மண்டையில நிக்கலையா?" என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "வரியெல்லாம் தெரியும் அண்ணாச்சி. ஒத்திகையில சொன்னேம்லா. அப்பம் டிரில் மாஸ்டர் வேட்டியோட நின்னாரு. இன்னைக்குக் கையக் கட்டி, முள்முடி வச்சு, அங்கன நிறுத்தியிருக்காவ. ஏழு பாகம் ஆழத்துல மூச்சு முட்டும்போது அவரத்தான கூப்பிடுதேன். கரையில ஏறி வந்துட்டு எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்ல? அவரே சொல்லித் தொலைன்னு சொன்னாரு, அப்பவும் மனசு கேக்கல." சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அதைக் கேட்டது நான் ஒருவன்தான்.

பிறகு சாமியார் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், மேடையில் மறுதலிக்காத மனுஷன் அவர், மூன்று தடவை மறுதலித்து, கடைசித் தடவை குழாய் வைத்து ஊருக்கே கேட்கும்படி கத்தியவன் நான் என்று ஆகிவிடும். "சூசைக்கு வசனம் மறந்துபோச்சு சாமி" என்றேன். அவ்வளவுதான், அது ஊர்க் கதையாகிவிட்டது. சந்தையிலும் கரையிலும் அவரைப் பார்த்தால் சிறுவர்கள் சேவலாகக் கூவினார்கள். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் அவரைத் திரை இழுக்கப் போட்டுவிட்டு இராயப்பராக நானே நடித்தேன். மூன்று தடவையும் ஒரு சொல் பிசகாமல் மறுதலித்தேன், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "ஒமக்கு இது நல்லா வருது" என்றாள். பாராட்டு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நீ அஞ்சல் வழியில் வேதபாடம் படித்து வாங்கிய பதினான்கு சர்டிபிகேட்டையும் கண்ணாடி போட்டு நடு வீட்டில் மாட்டி வைத்திருப்பவன் நான். போன மழையில் இரண்டில் கரையான் ஏறியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். அந்த முற்றத்துக் காட்சி எந்த அதிகாரம், எந்த வசனம் என்று நீயும் நானும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சூசைக்கு அது தெரியாது. ஆனால் அங்கே கைகட்டி நிற்பவரை அவருக்குத் தெரியும். எனக்கு அவரைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான் என்று இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நிலைமை.

நேற்று சூசையிடம் போனேன். கரையில் உட்கார்ந்து சங்கு கழுவிக்கொண்டிருந்தார். "ஏழு வருஷமா ஒம்மப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டு இருக்கேன்வே" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு ஒம்ம மொகம் செத்துப்போச்சு. நான் மறந்துட்டேன்னு சொன்னா ஒமக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்" என்றார். நான் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஆசையோடு, "பரீட்ச ரிசல்ட் வந்துட்டா அண்ணாச்சி? புள்ள காலையிலயும் சாயங்காலமும் போஸ்ட்மேனையே பாத்துக்கிட்டு இருக்கா" என்று கேட்டார். உன் முப்பத்தொரு மார்க் என் சட்டைப் பையில் இருக்கிறது. "வரலைவே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். பக்கத்தில் சேவல் எதுவும் இல்லாமல் போனது என் நல்ல நேரம்.

வீட்டுக்கு வந்து தாளை மேசைமேல் எறிந்தேன். உன் அம்மா அதை எடுத்துச் சிவப்பு மையை ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பினாள். மகனே, நீ ஒரு பக்கத்தைத்தான் திருத்தியிருக்கிறாய். பின்பக்கமும் எழுத்து இருக்கிறது. உன் சிவப்பு மை அங்கே ஒரு புள்ளிகூட விழவில்லை. உன் அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்க வாசிக்க அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"கேள்வித்தாளோடு வந்த கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குப் படிப்பு ஏறவில்லை. தினமும் காலையில் மாதா கோயிலுக்கு நடந்து போய் உங்களுக்காக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லுகிறேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டால் முதலிலிருந்து சொல்லுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீங்கள் எழுதும்வரை போவேன். இது கேள்வியில் இல்லாததால் மார்க் போட வேண்டாம். கஞ்சி குடியுங்கள்."

உன் காய்ச்சல் எதனால் விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பம்பாயில் நல்ல மாத்திரைகளும் கிடைக்கும். ஆனால் காய்ச்சல் விட்டதை நீ எனக்கு எழுதினாய், அவளுக்கு எழுதவில்லை. அதனால் இன்று காலையும் அவள் போய்விட்டு வந்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். உனக்குச் சுகமாகிவிட்டது என்ற செய்தியை மட்டும் அவளிடம் சொன்னேன். கையிலிருந்த செபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பரீட்சையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அங்கிருந்து நேரே சாமியாரிடம் போய்ச் சூசை கதையை உள்ளபடி சொன்னேன். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அபராதமாக இந்த வருடப் பாஸ்குவில் மைக்கை எனக்குத் தொலைவில் வைக்கப் போகிறாராம். ஓலையைத் தள்ளி வைக்கும்படி நான் கேட்கவில்லை. வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிப்பார். வேண்டாம் என்றால் அதற்குள் தந்தி அடி. உன் கலியாணம், உன் விருப்பம். தந்தி அடிப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு காரியம் செய். அந்தத் தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ பிரித்ததும் முதலில் கண்ணில் படும்படி, பின்பக்கம் மேலே இருக்கும்படி மடித்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா